இடப்பக்க வரிசை

மகனே,

போன வாரம் ஆயர் உன் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசிய நிமிஷத்திலிருந்து உன்னை ‘ஃபாதர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். கூப்பிடுகிறேன். கோயில் வாசலில், ஊர் முன்னால், நாலு பேர் இருக்கிற இடத்தில் எல்லாம் கூப்பிடுகிறேன். ஜனங்களோடு ஜனமாக நின்று உன் கைகளை முத்தம் செய்தபோது கூப்பிட்டேனே, உனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் இந்தக் கடிதத்துக்குள் நீ ஃபாதர் இல்லை. ஆனையூர் வீட்டில் பல் தேய்க்காமல் காப்பி கேட்டு அடம்பிடித்த பயல்தான். ‘அம்மா கோபத்தில் எழுதியிருக்கிறாள்’ என்று சங்கடப்படாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. உன் கூட்டாளிச் சாமியார்களுக்கும் காட்டு, எனக்கு ஒளிக்க ஒன்றும் கிடையாது.

முந்தாநாள் நீ போன் பண்ணியபோது நான் கே.கே. நகர் கிளினிக்கில் நர்ஸ் டியூட்டியில் ஊசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நீ பேசியதை ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். “அம்மா, ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல என் முதல் பூசைல நீங்க ஜனங்களுக்கு நன்மை அப்பம் குடுக்க வேணாம். பதினாலு சாமியார் வாராங்க. அவங்க இருக்கையில நீங்க பாத்திரத்தத் தூக்கிட்டு நிக்கிறது மொறையில்ல. பட்டுச்சேலை கட்டி, முக்காடு போட்டு, முன்னாடி பெஞ்சுல உக்காந்திருங்க. எல்லாரும் முழங்கால் போட்டு நாக்குல வாங்கட்டும். அதுதாம்மா பழைய ஒழுங்கு.” நான் “யோசிச்சுச் சொல்றேம்ப்பா” என்று போனை வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். மாட்டேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சட்டம் உன் பக்கம். போதுமான சாமியார்கள் இருந்தால், சாமியார் அல்லாத என்னைப் போன்றவர்கள் நன்மை கொடுக்கத் தேவையில்லை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தபோதே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ ரோமாபுரியில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவன், நான் கம்பவுண்டர் சீட்டைப் படிக்கிறவள். சட்டத்தில் உன்னை மடக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ‘பழைய ஒழுங்கு’ என்றாயே, அதில்தான் எனக்குச் சண்டை. எந்தப் பழசு என்று நீ சொல்லவில்லை. நான் பார்த்த பழசை நீ பார்த்ததில்லை. நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் மரத்துக்கு வயசு சொல்லக் கூடாது.

நான் பிறந்தது திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில். அப்போது திருப்பலி இல்லை, பூசை. நற்கருணை இல்லை, நன்மை. வானதூதர் இல்லை, சம்மனசு. சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் ஏதோ முணுமுணுப்பார். நாங்கள் எங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்போம். மணி அடித்தால் தலையைக் குனிவோம், மறுபடி அடித்தால் நிமிர்வோம். நான் முதல் நன்மை வாங்க வேண்டிய நாளில் விடியற்காலை சாம்பல் வைத்துப் பல் தேய்த்தபோது ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பச்சைத் தண்ணீர் பட்டால்கூட நன்மை வாங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். பொய் சொல்லப் பயந்து என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைக் கவுனோடு, தலையில் பூக்கிரீடத்தோடு என்னை உட்கார வைத்து, மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து போனபோது தொடையில் கிள்ளி அப்படியே அமுக்கிவிட்டாள். நான் என்ன பாவம் செய்தேன் என்று ஊரே ஒரு வாரம் பேசியது. பின்னாளில் விசாரித்தால், தண்ணீர் குடிக்கலாம் என்று ரோமாபுரியில் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே மாற்றிவிட்டார்களாம். எங்கள் ஊருக்குச் செய்தி வந்து சேரவில்லை. மாறிப்போன ஒரு சட்டத்துக்காக ஒன்பது வயசில் அழுதவள் நான். அதனால் ‘சட்டம்’ என்று யாராவது குரலை உயர்த்தினால், ‘அது இன்னும் இருக்கா?’ என்று கேட்கிற புத்தி வந்துவிட்டது.

அதே கோயிலில் இன்னொரு ஒழுங்கும் இருந்தது. நடுவில் நெட்டுக்க ஒரு மரக் கிராதி. இந்தப் பக்கம் நம் சாதிக்காரர்கள், அந்தப் பக்கம் கீழத்தெருக்காரர்கள். அவர்களுக்குத் தனி வாசல். நமக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் சாமியார் அந்தப் பக்கம் நன்மை கொண்டுபோவார். கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் சுவர், செத்த பிறகு எழும்பி வந்து ஒட்டிக்கொள்வார்கள் என்ற பயம் போல. அதுவும் பழசுதான் மகனே. லத்தீனைப் போலவே பழசு. அதைக் கேட்டவர்களிடம் நம் பெரியவர்கள் “அப்பன் பாட்டன் காலத்து மொறை” என்றுதான் சொன்னார்கள். நீ போனில் ‘மொறையில்ல’ என்றபோது அந்தக் கிராதிதான் என் கண்ணுக்கு வந்தது.

நான் பழசுக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பிப் பூசை வைத்த முதல் நாளிலிருந்து என் அய்யா மூன்று மாசம் நன்மை வாங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். “சாமியார் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்பிடிடி சாமி கும்பிடுறது?” என்பார். எனக்கும் அது கொஞ்சம் சரியென்றே பட்டது. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் அய்யா கணீரென்று பாடுகிற லத்தீன் பாட்டை இன்றைக்கு யாராவது பாடினால் அழுதுவிடுவேன். ஆனால் அழுகை வருகிறது என்பதற்காக அதையே சட்டமாக்க முடியாது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஃபாதர் ஒருவர் சொன்னார், ஆரம்பத்தில் ரோமாபுரியிலேயே கிரேக்கத்தில்தான் பூசையாம். ஜனங்களுக்குப் புரியவில்லை என்றுதான் அவர்கள் வீட்டில் பேசிய லத்தீனுக்கு மாற்றினார்களாம். முதல் கிறிஸ்தவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அப்பத்தைக் கையில் வாங்கித்தான் சாப்பிட்டார்களாம். வர முடியாத நோயாளிக்கு அதில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்களாம், கொண்டுபோனவர்கள் எல்லோரும் சாமியார்கள் இல்லையாம். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம்கூட ஒரு காலத்தில் ஆயுசுக்கு ஒரே ஒரு தடவை, ஊரறிய. நம் மதுரைக்கே அந்தக் காலத்தில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் காவி கட்டி, கறி, மீன் எல்லாம் விட்டு, கட்டைச் செருப்புப் போட்டு நடந்தபோது, ‘இது முறையில்லை’ என்று ரோமாபுரிக்குப் புகார் போனதாம். இன்றைக்கு அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசாத பிரசங்கமே இல்லை. நீ சொல்கிற பழசு நடுவில் வந்தது. நான் செய்கிறது அதைவிடப் பழசு.

வாதம் போதும். இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். இதை நான் எந்தச் சாமியாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

நீ ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் நம் பங்கில் முதல் தடவையாகச் சாமியார் அல்லாத பொதுநிலையாள் ஒருவரை நன்மை கொடுக்க வைத்தார்கள். தபால்காரர் சவரிமுத்து. காக்கிச் சட்டையில் பார்த்துப் பழகிய மனுஷர் அன்றைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பீடத்துக்கு இடப்பக்கம் பாத்திரத்தோடு நின்றார். வலப்பக்கம் ஃபாதர். நாம் மூன்று பேரும் இடப்பக்க வரிசையில் இருந்தோம். முன்னால் ஐந்தாறு பேர்தான் இருக்கும்போது நான் நிமிர்ந்து பார்த்தேன். உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுப்பாதையைக் கடந்து ஃபாதர் வரிசையில் போய் நின்றேன். “ஏம்மா அந்த வரிசைக்குப் போறோம்?” என்று கேட்டாய். “ஃபாதர் கையில வாங்குனாத்தாண்டா புண்ணியம்” என்றேன். பொய். சவரிமுத்து எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம். சாதிதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை மாறினார்கள், நான் தொடங்கி வைத்த புண்ணியம். உன் அப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று அவர் கையில் வாங்கினார். சவரிமுத்து என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து நீ விளையாடப் போன பிறகு உன் அப்பா சொன்னார்: “நீ எதுக்கு மாறுனன்னு எனக்கும் தெரியும், அந்த மனுசனுக்கும் தெரியும். பயலுக்குத் தெரியாம இருந்தாச் சரி.”

உனக்குத் தெரிந்ததோ தெரியாதோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் சொல்லாமலே நீ வலப்பக்கம் போய் நின்றாய். சாமியார் படிப்புக்குச் செமினரிக்குப் போகிற வரைக்கும் அப்படித்தான். ஃபாதர் கை ஒரு கை, மற்றவர் கை வேறு கை என்று உனக்குப் பாடம் நடத்தியவள் நான். ரோமாபுரியைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

நீ செமினரியில் இருந்த காலத்தில்தான் உன் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பதினோரு மாசம் கட்டில். பங்குச் சாமியாருக்கு ஐந்து கிளைக் கிராமம், மாசத்துக்கு ஒரு தடவை வருவதே பெரிய காரியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். சவரிமுத்து. முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் கேட்டது, “சிஸ்டர், ஒரு டம்ளர்ல தண்ணியும் ஒரு ஸ்பூனும் வேணும்.” அப்பத்தில் சின்னத் துண்டு கிள்ளி, ஸ்பூனில் தண்ணீரோடு வைத்து, உன் அப்பாவின் கோணிய வாயில் சிந்தாமல் ஊட்டினார். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கே அந்த நிதானம் வராது. ஒரு வாய்த் தண்ணீர் போனதற்காக என்னை உட்கார வைத்தார்களே, அதே தண்ணீர் இல்லாமல் இங்கே நன்மை தொண்டைக்குள் இறங்காது. நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ வாய் திறந்தேன். “அண்ணே, அன்னைக்குக் கோயில்ல நான் வரிசை மாறுனது...” என்று ஆரம்பித்ததும் அவர் சிரித்தார். “தெரியும் சிஸ்டர். தபால் குடுக்கப் போற எடத்துல சில வீட்ல கதவத் தொறக்க மாட்டாங்க, சன்னல் வழியா வாங்கிக்கிருவாங்க. கடுதாசி போய்ச் சேந்தாச் சரின்னு குடுத்துட்டு வந்துருவேன்.” நான் கையை நீட்டினேன். அவர் கொடுத்தார். பல வருஷம் நான் மறுத்த நன்மை அது. உன் அப்பா கட்டிலில் இருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார், பேச முடிந்திருந்தால் என்னைக் கேலி செய்திருப்பார். நீ அவர் அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாய். இது எதுவும் உனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் சவரிமுத்து அண்ணனுக்குச் சுகர் கண்ணில் இறங்கிவிட்டது. அவரே ஃபாதரிடம் போய், “எனக்குப் பதிலா சிஸ்டரப் போடுங்க, நோயாளியத் தொடுறதுக்குப் பழகுன கை” என்று சொல்லியிருக்கிறார். நான் முடியாது என்றேன். பொம்பளை எப்படிப் பாத்திரத்தைத் தொடுவது என்று எனக்கே கூச்சம். “ஊசி போடுற கை தானே, நடுங்காது” என்றார் அண்ணன். நான் முதல் முதலாக இடப்பக்கம் நின்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் கேள். என் முன்னால் இருந்த வரிசை கண்ணெதிரே கரைந்து வலப்பக்கம் போனது. அம்புட்டுப் பேரும் எனக்குத் தெரிந்தவர்கள், பாதிப்பேருக்கு நான் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கிறேன். “பொம்பள கையிலயா?” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இடம் கொடுத்துவிட்டார், ஜனம் கொடுக்கவில்லை. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மெதுவாக நடந்து வந்து என் முன்னால் நின்றார். சவரிமுத்து அண்ணன். கண் தெரியாததால் என் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர். வரிசை மறுபடி உண்டாக இரண்டு வருஷம் ஆனது.

இப்போது நீயே பார்க்கலாம், என் வரிசையும் ஃபாதர் வரிசையும் ஒரே நீளம். நீ என்னை ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? சொந்த மகனே, அதுவும் ரோமாபுரியில் படித்த மகனே அம்மா கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றுதான் ஊர் பார்க்கும். இத்தனை நாள் இந்தப் பொம்பளை நின்றது ஆள் இல்லாத குறைக்குத்தான் என்று ஆகிவிடும். அடுத்த வாரம் வரிசை மறுபடி கரையும். ஒரு தடவை நான் கரைத்துவிட்டேன். இரண்டாம் தடவைக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மாட்டேன்.

சவரிமுத்து அண்ணன் இப்போது எழுந்து நடப்பதில்லை. கை உதறுகிறது, வாயும் உதறுகிறது. அதே ஸ்பூன், அதே தண்ணீர், ஊட்டுவது மட்டும் நான். முழங்காலிட்டு நாவில் வாங்கச் சொல்கிறாயே, அவரை எப்படி முழங்காலிட வைப்பாய்? போன ஞாயிற்றுக்கிழமை உன் முதல் பூசையைப் பற்றிச் சொன்னேன். “தம்பி பூசையா? அதுல வச்ச அப்பம் எனக்கு வேணும் சிஸ்டர். எம்புட்டு நேரமானாலும் சாப்பிடாம இருக்கேன்.” நான் நர்ஸ் குரலில் திட்டினேன்: “சுகரை வச்சுக்கிட்டு என்னண்ணே பேச்சு? நோயாளிக்கு அந்தச் சட்டமெல்லாம் கெடையாது. காலைல ரெண்டு இட்லி தின்னுட்டு இருங்க.” அவர் சொன்னார், “எனக்கும் தெரியும் சிஸ்டர். இது சட்டத்துக்கு இல்ல, தம்பிக்கு.” பழைய ஒழுங்கு என்றால் இப்படி இருக்க வேண்டும் மகனே. தானாக வைத்துக்கொள்வது, அடுத்தவர் தொடையைக் கிள்ளி உட்கார வைக்காதது.

கடைசியாக, அந்தத் துணி. உன் கையில் பூசிய எண்ணெயைத் துடைத்த வெள்ளைத் துணியை என்னிடம் தந்து, “அம்மா, இத நீங்க செத்தா உங்க கையில கட்டிப் புதைக்கணும். சாமியாரப் பெத்தவன்னு ஆண்டவர் கண்டுக்கிருவாரு. பழைய வழக்கம்” என்றாய். அழகான வழக்கம்தான், அன்றைக்கு நான் அழுதேன். நாலு நாள் பீரோவுக்குள் வைத்திருந்தேன். நீ போன் பண்ணிய அன்று சாயங்காலம் எடுத்து, வெட்டாமல், மடித்துத் தைத்துச் சுருக்குப் பையாக்கிவிட்டேன். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகிற சிமிழ் அதற்குள் கச்சிதமாக உட்காருகிறது, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கோத்துவிட்டேன். இன்னும் எண்ணெய் வாசம் இருக்கிறது. செத்த கைக்குக் கட்டுகிற துணி என்றாய். என் கை இன்னும் சாகவில்லை. சாகிறபோது அந்தப் பையோடு புதையுங்கள், ஆண்டவர் என்னை எதை வைத்துக் கண்டுகொள்வார் என்று அவரே முடிவு செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டுகிறேன், அது உனக்காக. முக்காடும் போட்டுக்கொள்கிறேன், தலையை மூடுவதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முழங்காலிடுகிறவர்கள் முழங்காலிடட்டும். நாக்கை நீட்டுகிறவர்களுக்கு நாக்கில் கொடுப்பேன், கையை நீட்டுகிறவர்களுக்குக் கையில். உன் பதினாலு சாமியார்களும் தாராளமாக நிற்கட்டும், கோயில் பெரிசு. பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன். “உங்க மகன்கிட்ட நீங்களே பேசிக்கங்க சிஸ்டர், நான் குறுக்க வரல” என்று நழுவிவிட்டார். அதனால் நன்மை நேரம் வந்ததும் நான் எழுந்து பீடத்துக்கு இடப்பக்கம் வந்து நிற்பேன். பாத்திரத்தை எடுத்துத் தர வேண்டியவன் நீ. தந்தால் வாங்கிக்கொள்வேன். தராவிட்டால் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நிற்பேன், பூசை முடிகிற வரைக்கும், ஊர் பார்க்கப் பார்க்க. ‘ஏம்மா அந்த வரிசைக்குப் போறோம்?’ என்று ஆறாம் வகுப்பில் கேட்டாயே, அன்றைக்குப் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லத்தான் வந்து நிற்கிறேன்.

பிரசங்கத்தை மட்டும் சுருக்கமாக வை. சவரிமுத்து அண்ணன் அங்கே வெறும் வயிற்றோடு காத்திருப்பார்.

உன் அம்மா